மிலிட்டரி அப்புச்சியின் பட்டறை

வீட்டில் முன்னாள் படைவீரர் ஒருவர் இருந்தால், "போர்ல என்ன நடந்துச்சு?" என்று அவரிடம் நேராகக் கேட்காதீர்கள். என் அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், அப்படிக் கேட்ட யாருக்கும் பதில் கிடைத்ததில்லை. "அதெல்லாம் ஆச்சு கண்ணு" என்று எழுந்து போய்விடுவார். அம்மா சின்ன வயதில் கேட்டிருக்கிறார், மாமா கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்கு அழைத்துப்போய் மேடையேற்றியும் கேட்டார்கள். மைக்கைப் பிடித்து, "பசங்க நல்லாப் படிக்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

ஆனால் மரத்தைப் பற்றிக் கேட்டால், உளியைப் பற்றிக் கேட்டால் பேச்சு நிற்காது. அந்தப் பேச்சுக்குள்ளேயே பெங்களூரும் வந்துவிடும், பஞ்சாப் எல்லைக் குளிரும் வந்துவிடும், கண்ணிவெடியும் வந்துவிடும். அவர் வாழ்க்கையைப் பற்றி இன்று எங்களுக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவருடைய பட்டறையில், மரத்தூளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டதுதான்.

சேலம் கன்னங்குறிச்சி அவர் ஊர். ஏற்காட்டு அடிவாரம், மூக்கனேரிக்குப் பக்கம். மானாவாரிக் குடும்பம். மழை பெய்தால் சோளமும் கடலையும், பெய்யாவிட்டால் கூலி வேலை. 1962இல் சீனாவோடு போர் முடிந்த கையோடு ராணுவத்துக்கு நிறையப் பேரை எடுத்தார்கள். 1963இல், 19 வயதில், இவரும் வரிசையில் போய் நின்றிருக்கிறார். எடுத்துக்கொண்டது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். 1780இல் தொடங்கி, 1834இல் பெங்களூருக்கு இடம் மாறிய பழைய படை அது. சேப்பர்கள் என்பார்கள், ராணுவத்தில் மற்றவர்கள் அவர்களைத் 'தம்பி' என்று கூப்பிடுவார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. துப்பாக்கியோடு ஒரு கைத்தொழிலும் கற்க வேண்டும். அல்சூர் ஏரிப் பக்கத்து முகாமில் இவருக்குக் கிடைத்தது தச்சு.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யார் தச்சு வேலை செய்வது, யார் காட்டு வேலைக்குப் போவது என்பதெல்லாம் பிறக்கும்போதே முடிவாகிவிடும். சோளக்காட்டுப் பையன் கையில் இழைப்புளி வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர் அப்பா என்ன வேலை செய்தார் என்று பெங்களூரில் எவரும் கேட்கவில்லையாம். ஒரு கட்டையைக் கொடுத்து அறுக்கச் சொல்லியிருக்கிறார்கள், வெட்டு நேராக வந்திருக்கிறது, கார்பென்டர் என்று எழுதிக்கொண்டார்கள். கடைசி வரைக்கும் ராணுவத்தின்மேல் அவருக்கு இருந்த பாசத்துக்கு இதுதான் அடிவேர் என்று நான் நம்புகிறேன்.

1979இல் நாயக் பதவியில் ஓய்வு பெற்று வந்தார். பென்ஷனுக்கு 15 வருஷ சர்வீஸ் வேண்டும், அது இருந்தது. வயது 35. உடம்பில் வலு இருக்கிறது, கையில் தொழில் இருக்கிறது. ஆனாலும் பட்டாளத்துத் தச்சு வேறு, ஊர்த் தச்சு வேறு. அங்கே அவர் செய்தது பெட்டி, மேசை, கட்டில், பாலத்துக்கு உத்தரம். இங்கே வாசக்கால் வைக்க மனையடிக் கணக்கு தெரிய வேண்டும். நிலைக்கட்டையில் மரத்தின் அடிப்பக்கம் கீழேயும் நுனிப்பக்கம் மேலேயும் வர வேண்டும், அறுத்த கட்டையில் எது அடி, எது நுனி என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிய வேண்டும். அதற்காக அம்மாப்பேட்டையில் வயதான ஓர் ஆசாரியிடம் உதவியாளாகச் சேர்ந்தார். போருக்குப் போய் மெடல் வாங்கி வந்தவர் டீ வாங்கி வரவும் பலகை தூக்கவும் போகிறாரே என்று சொந்தக்காரர்கள் வருத்தப்பட்டிருக்கிறார்கள். "அவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதே, அப்பறம் போய்த்தானே ஆகோணும்" என்பார். தனிப் பட்டறை போட்ட அன்றைக்கு அந்த ஆசாரி தன் இழைப்புளி ஒன்றை இவருக்குக் கொடுத்தார்.

35, 40 வயதில் ராணுவத்திலிருந்து திரும்பும் பலர் கற்ற தொழிலை அங்கேயே விட்டுவிட்டு, ஏதாவது ஒரு வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஓய்வு பெறும்போது ராணுவம் கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் என்ன தொழில் பழகினார் என்று எழுதியிருக்கும். எலக்ட்ரீஷியன், வெல்டர், டிரைவர், நர்சிங் உதவியாளர் என்று என்னவாகவும் இருக்கலாம். அந்த ஒரு வரியை எடுத்துப் படித்து, ஊருக்குத் தகுந்தபடி அதை மாற்றிக்கொள்ள ஒரு வருஷம், இரண்டு வருஷம் யாரிடமாவது வேலை பழகினால் போதும். அப்புச்சி அதற்குமேல் நாற்பது வருஷம் அந்தத் தொழிலில் சாப்பிட்டார்.

ஏற்காட்டில்தான் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் முதல் வேலையே கெட்டுப்போனது. ஓர் எஸ்டேட் பங்களாவுக்குக் கதவும் ஜன்னலும் செய்ய ஒப்புக்கொண்டு, கன்னங்குறிச்சியில் ஏப்ரல் வெயிலில் செய்து லாரியில் ஏற்றி அனுப்பினார். மாட்டும்போது கச்சிதமாக இருந்தது. ஐப்பசி மழையில் ஒரு கதவையும் திறக்க முடியவில்லை. போய் இழைத்துச் சரி செய்தார். அடுத்த பங்குனியில் இடுக்கு விழுந்து காற்று உள்ளே வந்தது. சேலத்தில் கோடையில் 40 டிகிரி வரும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் மாதக்கணக்கில் பனிமூட்டமும் ஈரமும். மரம் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், வெயிலில் விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில் மாறும். 10 அங்குலப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் கூடிக் குறையும். கதவு பிடிக்க அது போதும்.

அதற்குப் பிறகு அவர் வைத்துக்கொண்ட வழக்கங்களை அப்படியே எழுதுகிறேன், மலையில் வீடு கட்டுகிறவர்களுக்கு உதவும். மரத்தை முதலில் மலைக்கு ஏற்றிவிடுவார். வேலை நடக்கும் இடத்திலேயே கூரைக்கு அடியில், பலகைக்குப் பலகை நடுவே ரீப்பர் வைத்துக் காற்றோட அடுக்கி, ஒரு மாதமாவது கிடக்க விடுவார். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் செருகுவதோடு சரி. ஒட்டவும் மாட்டார், ஆணியும் அடிக்க மாட்டார், அது உள்ளுக்குள் விரியவும் சுருங்கவும் இடம் இருக்க வேண்டும். கோடையில் மாட்டும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு நாணயம் தாராளமாக நுழைகிற இடைவெளி. மழைக்காலத்தில் மாட்டினால் அதைவிடக் குறைவு. பெயின்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற இடம் கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது வெட்டுப்பட்ட அந்த முனைகளில்தான். மாட்டுவதற்கு முன்னால் அங்கே இரண்டு கோட் அவரே அடிப்பார், வேறு யாரையும் நம்ப மாட்டார். காப்பித் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கை உள் அலமாரிக்கும் கட்டிலுக்கும் மட்டும் எடுப்பார். வெளிக்கதவுக்குத் தேக்குதான், அதுவும் முடிந்தால் இடித்த வீட்டுத் தேக்கு.

அந்தப் பழைய தேக்கு வழியாகத்தான் போர் வெளியே வந்தது.

இடித்த வீட்டு மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். தலை முறிந்து உள்ளே புதைந்து, மேலே புட்டியும் பெயின்டும் மூடியிருக்கும். இழைப்புளி அதில் ஒருமுறை மோதினால் தகடு பல்லுப் போய்விடும். அப்புச்சி முதலில் காந்தத்தை ஓட்டுவார். அப்புறம் பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்பார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். "கண்ணு பாக்கறதுக்கு முன்ன கை பாக்கோணும்" என்றார். "இதை ஆசாரி சொல்லிக் குடுத்தாருங்களா அப்புச்சி?" என்று கேட்டேன். "இல்ல கண்ணு, இது பட்டாளத்துல" என்றார். அப்படியே பலகைமேல் கையை வைத்தபடி பேச ஆரம்பித்தார்.

1971 டிசம்பர் 3 மாலை போர் தொடங்கியபோது அவர் பிரிவு மேற்கு எல்லையில், சகர்கர் பக்கம் இருந்தது. அங்கே பசந்தர் என்று ஓர் ஆறு. ஆற்றைச் சுற்றி எதிரி விதைத்த கண்ணிவெடி வயல்கள். டாங்கிகள் போக வேண்டுமென்றால் சேப்பர்கள் முன்னால் போய்ப் பாதை திறக்க வேண்டும். "ராத்திரி, தரை சில்லுனு இருக்கும். குப்புறப் படுத்துக்கிட்டுக் கம்பியால குத்திக் குத்திப் போகோணும். நட்டமாக் குத்தினா மேல பட்டு வெடிச்சிரும். சாய்ச்சு, முப்பது டிகிரியில குத்தோணும். அப்பத்தான் பக்கவாட்டுல முட்டும். முட்டறது காதுக்குக் கேக்காது, கைக்குத்தான் தெரியும்." பாதுகாப்பான வழியின் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்களாம். டிசம்பர் 15 இரவும் 16ஆம் தேதியும் அங்கே கடும் சண்டை. 21 வயது டாங்கிப் படை அதிகாரி அருண் கேதர்பால் தன் டாங்கியோடு நின்று உயிர்விட்டது அந்த 16ஆம் தேதிதான்; பின்னால் போரில் காட்டும் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். அப்புச்சி அவரைப் பார்த்ததில்லை. "நாங்க திறந்த பக்கந்தான் அவங்க போனாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மேற்கிலும் போர்நிறுத்தம். சண்டை இரண்டு வாரத்தில் முடிந்தது. வெடி எடுக்கிற வேலை மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. அவர் அதிகம் பேசியது அந்த மாதங்களைப் பற்றித்தான். வயலுக்குச் சொந்தக்காரர்கள் வரப்போரம் வந்து உட்கார்ந்துகொண்டு, எப்போது இறங்கலாம் என்று தினமும் கேட்பார்களாம். ஒரு பெரியவர் ரொட்டியும் மோரும் கொண்டுவந்து கொடுப்பாராம். அவர் நிலத்தை முடித்துக் கொடுத்த நாளில் அப்புச்சியே முதலில் அந்த வயலைக் குறுக்கே நடந்து காட்டியிருக்கிறார். சோளக்காட்டில் பிறந்தவருக்கு அந்த நிலத்தின் அருமை தெரியும். போரைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம் இந்த நடைதான்.

இதெல்லாம் ஒரே நாளில் வரவில்லை. அன்றைக்குக் கொஞ்சம், உளி தீட்டும்போது கொஞ்சம். ஆடி மாதத்தில் யாரும் வாசக்கால் வைக்க மாட்டார்கள், புது வீடு குடிபோக மாட்டார்கள். சேலமே கோட்டை மாரியம்மன் பண்டிகையில் இருக்கும். அவருக்கு அது கருவிகளைத் தீட்டுகிற மாதம். உளியின் முதுகை முதலில் கல்லில் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும், அது தட்டையாகாமல் வாயைத் தீட்டிப் பிரயோஜனமில்லை என்பார். வாயை 30 டிகிரி சாய்வில் பிடித்து, மணிக்கட்டு ஆடாமல், ஒரே சாய்வில் இழுக்க வேண்டும். அந்தச் சாய்வு அவர் கைக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. முன்கை முடியை வழித்தால் உளி தயார். அந்த மாதத்தில் போய் உட்கார்ந்தவர்களுக்குக் கதை கிடைத்தது. சாயங்காலம் தட்டுவடை செட்டும் கிடைத்தது.

பெரியவர்களைப் பேச வைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து பேட்டி எடுக்காதீர்கள். கைக்கு வேலை கொடுங்கள், அல்லது அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் இருங்கள். தேதியைக் கேட்காமல், என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தூங்கினீர்கள், கூட யார் இருந்தார்கள், என்ன கருவி வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். தேதியைப் பிற்பாடு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். போனில் பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அப்புச்சிக்கு இடது காது சரியாகக் கேட்காது, அதனால் வலப்பக்கம் உட்கார்ந்து, போனையும் அந்தப் பக்கமே வைப்பேன். சொல்ல விரும்பாததைச் சொல்ல வைக்க முயல வேண்டாம். டிசம்பரில் ஒரு நாள் அவர் பட்டறை திறக்க மாட்டார். ஏனென்று யாரும் கேட்டதில்லை, கேட்காமல் இருந்தது சரிதான் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

போட்டோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் எடுத்த ஒரு படத்தில் மூன்று பையன்கள் நிற்கிறார்கள். நடுவில் அப்புச்சி. வலது பக்கம் நிற்பவர் ஆத்தூர்க்காரர் என்று பதிவில் சொல்லியிருக்கிறார். இடது பக்கம் நிற்பவர் யாரென்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயரை எழுதி வாங்கிவிடுங்கள். மெல்லிய பென்சிலில் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியின் மூடியில் அவர் நம்பரும் பெயரும் வெள்ளை பெயின்டில் எழுதியிருக்கும். அதற்குள் இருந்தவைதான் அம்மாயிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, சோறு போடுகிற காகிதங்கள். 78 வயதில் அவர் போன பிறகு குடும்ப பென்ஷனுக்குப் போனால், ராணுவப் பதிவில் அம்மாயி பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருக்கிறது. ஆதாரில் முழுப் பெயர். பிறந்த தேதியும் பதிவில் இல்லை. பென்ஷன் கணக்கு இருந்த வங்கியில் இரண்டு பேரும் வேறு வேறு ஆட்களா என்று கேட்டு, மாதக்கணக்கில் நடக்க விட்டார்கள். வயதான பெண்ணை அப்படி வரிசையில் நிறுத்தியது எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பொறுமையாக உட்கார வைத்து வழி சொன்னார்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, வீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் பெங்களூர் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பிச் சரியானது.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ஓய்வு பெற்ற வீரர் இருந்தால், இந்த வாரமே டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆர்டரையும் எடுத்து மனைவி பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அவரே தன் கையெழுத்தில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதலாம், அது சுலபம். அவருக்குப் பிறகு நாம் எழுதுவது கஷ்டம். பிறந்த தேதியை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 80 வயது முடிந்ததும் பென்ஷனில் 20 சதவீதம் கூடும், 85இல் 30 சதவீதம். குடும்ப பென்ஷனுக்கும் அது உண்டு. தேதி இல்லையென்றால் அந்தப் பணம் தானாக வராது. மரணம் நடந்தால் உடனே தெரிவித்துவிடுங்கள், அதற்குப் பிறகு கணக்கில் ஏறும் பென்ஷனைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். இப்போது பெரும்பாலும் எல்லாம் ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்துக்கு மாறிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய லைஃப் சர்டிபிகேட்டை ஜீவன் பிரமாண் என்ற அரசு இணையச் சேவை வழியாக வீட்டிலிருந்தே போனில் முகம் காட்டிக் கொடுக்கலாம். அம்மாயிக்கு அப்படித்தான் செய்கிறோம். டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்து வைக்காதீர்கள், பக்கம் புரட்ட முடியாமல் போய்விடும். ஸ்கேன் எடுத்து இரண்டு மூன்று பேர் வைத்துக்கொண்டால் போதும்.

பெட்டியில் மெடல்களும் இருந்தன. 1965க்கு ரக்ஷா மெடல், 1971க்கு சங்கிராம் மெடலும் பஸ்சிமி ஸ்டாரும், சுதந்திரம் வந்து 25 வருஷம் ஆனதற்கு ஒன்று. சித்தி புளி போட்டுத் தேய்க்கப் போனார். நல்ல வேளை, மாமா பார்த்துத் தடுத்தார். விளிம்பில் அவர் நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும், தேய்த்துத் தேய்த்தால் அது மழுங்கிவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, நாடாவில் வெயில் படாமல் வைத்தால் போதும்.

கருவிகளை என்ன செய்வது என்பதில் வீட்டில் பெரிய பேச்சே நடந்தது. கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்றார் அப்பா. அம்மாயி ஒப்புக்கொள்ளவில்லை. "ஓடுற கைக்குக் குடுங்க" என்றார். அப்புச்சியிடம் பையனாகச் சேர்ந்து இன்றைக்கு ஏற்காட்டில் சொந்தமாக வேலை செய்கிறவரிடம் இழைப்புளிகளும் உளிகளும் போயின, அம்மாப்பேட்டை ஆசாரி கொடுத்ததும் சேர்த்து. அது நல்ல முடிவு. மூலைமட்டத்தை மட்டும் மாமா வைத்துக்கொண்டார்.

இப்போது நானும் மாமாவும் ஏற்காட்டில் அவர் செய்த கதவுகளைத் தேடிப் படம் எடுத்து வருகிறோம். பழைய பங்களாக்களை இடித்து விடுதி கட்டுகிற வேகத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது. அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அவர் கதவின் கீழ் விளிம்பில், கீல் பக்கம், மாட்டிய மாதமும் வருஷமும் சின்ன உளியால் வெட்டியிருப்பார். எந்தப் பருவத்தில் மாட்டியது என்று தெரிந்தால்தான் பிற்பாடு எவ்வளவு இழைப்பது என்று தெரியும் என்பதற்காக. கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்துப் பார்த்தால் தெரியும். நாகலூர்ச் சாலையில் சில வீடுகள் பாக்கி. மழை பிடிப்பதற்கு முன்னால் போய்விட்டு வந்துவிட வேண்டும், ஐப்பசியில் அந்தப் பக்கம் வெளிச்சம் கிடைக்காது.